பத்து எண்ணும் வரை

ஓயாமல் பேசுவதால் அலுவலகத்தில் அவளுக்கு எஃப்.எம். ரேடியோ என்று பட்டப்பெயர். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவில், முன்மேசையில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள். மாணவன் வாயைத் திறப்பதற்குள் அவனுக்கு வேண்டிய படிவம் மேசைக்கு வந்துவிடும். அந்தக் கெட்டிக்காரத்தனமே அவளுக்கு வினையாகப் போயிற்று. ஆலோசகர் பயிற்சியின் இறுதித் தேர்வில் போன தடவை அவள் தேறவில்லை. இருபது நிமிடத்தில் பதினொரு முறை குறுக்கே பேசினாள் என்று தேர்வாளர் எண்ணிக் குறித்திருந்தார். இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் கடைசிவரை முன்மேசைதான். மூன்றாவது வாய்ப்பு கிடையாது.

பயிற்சியில் ஒரு விதி உண்டு. மாணவர் பேசி நிறுத்தியதும் மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆலோசகர் வாய் திறக்கலாம்.

"பத்தா? மூணு எண்ணறதுக்குள்ள நீ மூணு கதை சொல்லி முடிச்சிருப்பே," என்றார் அவள் கணவர், காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே.

தேர்வு என்னவோ எளிமையானதுதான். மாணவனாக நடிக்க ஒரு நாடகக்காரர் வருவார். இவள் ஆலோசனை சொல்ல வேண்டும். முடிந்ததும் எழுந்து நின்று அவருக்குக் கைதட்ட வேண்டும். அடுத்தவர் துயரத்தை அழுது காட்டுபவருக்கு அந்தப் பயிற்சியில் செய்கிற மரியாதை அது.

அலுவலக மாடியிலிருந்த தேர்வு அறையில் பத்து மணியாகியும் நடிகரைக் காணோம். தேர்வாளர் செல்போனும் கையுமாக வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டிவிட்டு ஓர் இளைஞன் உள்ளே வந்தான். கசங்கிய சட்டை, நாலு நாள் தாடி. வேஷத்துக்குப் பொருத்தமான ஆளாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தேர்வாளர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறார் என்று தானாகவே முடிவும் கட்டிவிட்டாள்.

"மேடம், படிப்பை விட்டுட்டுப் போறதுக்கு ஒரு படிவம் இருக்காமே. அது வேணும்."

அவள் கை தன்பாட்டுக்கு மேசையிலிருந்த படிவக் கோப்பின் மேல் போயிற்று. முன்மேசையாக இருந்தால் எங்கே கையெழுத்துப் போடுவது என்பதுவரை காட்டியிருப்பாள். கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு எண்ணினாள். நாக்கு நமநமத்தது. ஏழு. எட்டு.

"ஒரு பேப்பர்ல ஃபெயிலாயிட்டேன்," என்றான் அவன். "விசாவை ரத்து பண்ணிடுவாங்க. அதுக்கு முன்னாடி நானே போயிடலாம்னு நாளைக்கு டிக்கெட் போட்டுட்டேன். வீட்டுல இன்னும் சொல்லலை."

மறுபடியும் எண்ணினாள். ஆறு வருவதற்குள் அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவன் அழுது ஓயும்வரை காத்திருந்தாள்.

"ஒரு பேப்பர் போனதுக்கெல்லாம் விசா போகாது. யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"ரூம்ல கூட இருக்கறவன்."

"சொல்லாம கொள்ளாம கிளம்பினாத்தான் சிக்கல். மறுதேர்வுக்கு எழுதிக் குடுங்க. கீழே மூணாவது கவுண்டர். இன்னிக்குப் பன்னிரண்டு மணியோட முடியுது."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை என்ற சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நின்று படபடவென்று கைதட்டினாள். அவன் திருதிருவென்று விழித்துவிட்டு வெளியே போனான்.

ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வாளர் வந்தார். கூடவே மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒருவர்.

"இவர் வேற கட்டடத்துக்குப் போயிட்டாராம். ஆரம்பிக்கலாமா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் இங்கே இருந்தால் முன்மேசையில் யார் இருப்பார்கள்? கேட்க ஆளில்லாமல் அந்தப் பிள்ளை நேராக உள்ளே வந்திருக்கிறது. நிஜமான டிக்கெட், நிஜமான அழுகை. அதைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறாள். கேலி என்று நினைத்து அவன் கவுண்டருக்கே போகாமல் கிளம்பிவிட்டால்?

"சார், ஒரு நிமிஷம் வெளியே போயிட்டு வந்துடறேன்."

"போனா தேர்வு முடிஞ்சதா அர்த்தம். விதி அப்படி."

"அப்போ முடிஞ்சதாவே இருக்கட்டும்," என்றவள் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி ஓடினாள். என்ன ஏதென்று புரியாமல், மதிப்பெண் தாளோடு தேர்வாளரும் பின்னால் ஓடினார்.

மூன்றாவது கவுண்டர் வரிசையில் அவன் நின்றிருந்தான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நடிக்க வந்தவர்னு நினைச்சுட்டேன். எனக்கு இன்னிக்குப் பரீட்சை. அதான் கைதட்டினேன். இப்போ பரீட்சையைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்திருக்கேன்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"அப்போ நீங்களும் ஃபெயிலா மேடம்?"

"ஆமா. ரெண்டாவது தடவை."

மூச்சு வாங்க வந்து சேர்ந்த தேர்வாளர் நடந்ததை முழுக்கக் கேட்டுக்கொண்டார். அவர் சிரிக்கவில்லை, அவருக்கு அது பழக்கமில்லை. அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இவங்க குறுக்கே பேசினாங்களா?"

"இல்ல சார். படிவத்தை வாங்கிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். மேடம் பேசாம உட்கார்ந்திருந்தாங்க. அதனாலதான் எல்லாத்தையும் சொன்னேன்."

தேர்வாளர் தாளைச் சுவரில் வைத்து 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவளிடம் நீட்டினார். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அதோடு கூடவே, படிப்பை விடுகிற அந்தப் படிவத்தை ஒன்பது வருடத்தில் எத்தனை பேரிடம் அரை நிமிடத்தில் நீட்டியிருப்பாள் என்பதும் நெஞ்சில் சுருக்கென்றது.

"சார், நாளையிலேருந்து அந்தப் படிவம் முன்மேசையில இருக்க வேண்டாம்," என்றாள். "வேணும்கறவங்க என் ரூமுக்கு வந்து, உட்கார்ந்து கேட்கட்டும்."