ஏழுக்கு நேரே ஒண்ணு

சோப்பு கம்பெனியில பேக்கிங் பிரிவுக்கு நான்தான் மேற்பார்வை. மெஷின் இரைச்சலுக்கு மேல கத்திக் கத்தி என் தொண்டை இப்படி ஆயிடுச்சு. வேலை முடிஞ்சா அதைக் கழட்டி லாக்கர்லயா வெச்சுட்டுப் போக முடியும்? வீட்டுக்கும் அதேதான் வருது.

புதுசா வந்த வெல்ஃபேர் ஆபீசர் சின்ன வயசு. படிச்சதை எல்லாம் எங்க தலையில இறக்கியே தீரணும்னு துடிப்பு. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார். வாரத்துல எத்தனை நாள் வீட்டுல சண்டைன்னு நம்பர் மட்டும் எழுதணும், பேர் வேண்டாம், யார் எழுதினதுன்னு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாதுன்னு சத்தியம் பண்ணினார். நான் ரெண்டுன்னு எழுதினேன். மனசாட்சிப்படி மூணு. ஆனா ஒண்ணு நாத்தனாரோட போட்டது, அதெல்லாம் கணக்குல வருமான்னு சந்தேகம்.

மறுநாள் சாப்பாட்டு அறையில அட்டவணை ஒட்டியாச்சு. ஒரு பக்கம் சண்டை நாள், எதிரே அந்த நம்பரை எழுதினவங்களுக்கு ஆளுக்கொரு கோடு, அஞ்சாவது ஆளுக்கு மட்டும் நாலு கோட்டையும் வெட்டி ஒரு சாய்கோடு. கடைசியில கூட்டின எண்ணிக்கை. பூஜ்யத்துக்கு ஆறு பேர், ஒண்ணுக்கு பதிமூணு, ரெண்டுக்கு பதினொண்ணு, மூணுக்கு ஏழு, நாலுக்கு ரெண்டு. அஞ்சும் ஆறும் காலி. அதுக்குக் கீழே, ஏழுக்கு நேரே ஒத்தைக் கோடு.

பேரே போட வேண்டாம் போங்க. மிச்ச முப்பத்தொன்பது தலையும் என் பக்கம்தான் திரும்புச்சு, கம்பெனி வேன் ஓட்டற என் வீட்டுக்காரர் தலை உட்பட.

எனக்கு வந்துதே ஆத்திரம்! பதினொரு பேர்ல ஒருத்தியா கௌரவமா உட்கார்ந்திருந்தவளைத் தூக்கிக் கடைசி வரியில தனியா நிறுத்தினா யாருக்குத்தான் பொறுக்கும்? போதாததுக்கு ஆபீசர் வேற, அந்த ஒருத்தர் நாளைக்குள்ள தானா வந்து பார்க்கணும், இல்லன்னா எல்லாருடைய புருஷன் பெண்டாட்டியையும் வரவழைச்சு விசாரிப்பேன்னுட்டார்.

பக்கத்து மேஜையில லேபிள் ஒட்டற பொண்ணு, வாயில்லாப் பூச்சி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல. அவகிட்டப் போய்ப் புலம்பினேன். அந்த ஏழு எதுன்னு தெரிஞ்சா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன்னு சொன்னேன். அவ லேபிளைத் தலைகீழா ஒட்டிக்கிட்டே இருந்தா.

"அக்கா, அவரை இங்க கூப்பிட்டு விசாரிச்சா, அன்னிக்கு ராத்திரி நான் உயிரோட இருப்பேனான்னு தெரியல."

நேரா ஆபீசர் அறைக்குப் போய், அந்த ஏழு நான்தான்னு சொன்னேன். மனுஷன் கொஞ்சமாவது ஆச்சரியப்படணுமே! தெரிஞ்ச சேதிதானேங்கற மாதிரி தலையாட்டிட்டு, வேன்ல இருந்த என் வீட்டுக்காரரை வரச்சொன்னார். வாரம் முழுக்கச் சண்டையாமேன்னு கேட்டார். இவர் முழிச்சார். தான் பூஜ்யம்னு எழுதினதா உளறிட்டார்.

ஆபீசர் பேனாவைக் கீழே வெச்சார். ஒரே வீட்டுல ஒருத்தருக்குப் பூஜ்யம், ஒருத்தருக்கு ஏழு எப்படி வரும்னு கேட்டார். நான் இவர் காலை ஓங்கி மிதிச்சேன். இருபது வருஷமா என்கூடக் குடித்தனம் பண்றவர், மிதிக்கு அர்த்தம் தெரியும்.

"சண்டைன்னா ரெண்டு பேர் வேணுமே சார்," என்றார். "நான் ஒரு நாள்கூடப் பதில் பேசினதில்ல. அதான் எனக்குப் பூஜ்யம்."

ஆபீசர் அதையும் குறிச்சுக்கிட்டார். கோபம் வந்தா ஒரு டம்ளர் தண்ணி குடிக்கணும்னு அரைமணி நேரம் எனக்கு உபதேசம். பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டேன். யாரையும் விசாரிக்கப் போறதில்லன்னு சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

சாயந்திரம் வேன்ல இவர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு ஜன்னல் பக்கம் வந்து நின்னா. இன்னிக்கு ஒரு நாள் உங்க வீட்டுல படுத்துக்கவான்னு கேட்டா. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்தது. ஏறுடின்னு அதட்டி, கதவைத் திறந்துவிட்டேன்.

ஏறினவ சீட்டு நுனியில உட்கார்ந்தா. "அவர் தேடிக்கிட்டு வந்துட்டா?"

இவர் வண்டியைக் கிளப்பினார்.

"வரட்டும்மா," என்றார். "கதவைத் திறக்கப் போறது உங்க அக்காதானே."