பொட்டா, பாயா?

ஃப்ரீசரைக் காலி செய்வதும் பரணைக் காலி செய்வதும் ஒன்றுதான். எதை எடுத்தாலும் கை அங்கேயே நின்றுவிடும். ஸ்வெட்டருக்கு அன்று காலையிலிருந்தே அந்தக் கதைதான். ஸ்வெட்டர் என்பது படிக்கிற காலத்தில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். குளிர் அறையே கதியென்று கிடந்தவள், வெளியே வெயில் கொளுத்தினாலும் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றாமல் திரிந்தாள். இப்போது அவள் இந்த ஆய்வகத்துக்கே தலைவி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இங்கே ஆள் கிடையாது. வைத்தவள் முட்டை, அவளுடைய கூட்டாளி.

ஆய்வகம் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. அங்கே இடம் குறைவு. உயிரோடு இருக்கிற சரக்குதான் கூட வரும், செத்ததெல்லாம் எரிக்கிற பைக்குள் போகும் என்று கண்டிப்பாகச் சட்டம் போட்டவள் அவளேதான். அப்புறம் அடித்தட்டில், பனி மூடிக் கிடந்த மூலையில், விரல் நீளத்துக்கு ஒரு குழாய் கிடைத்தது. மேலே முட்டையின் கோழிக்கிறுக்கல்: ‘ஆட்டு இதயம், கடைசி.’ ஊருக்குப் போட்ட சட்டம் தன் தலையிலேயே வந்து விடிந்ததே என்று அவள் குழாய்மேல் படிந்த பனியைத் துடைத்தாள்.

சர்க்கரையைக் கண்டால் பற்றிக்கொள்ளும் புரதங்கள் சில உடம்பில் உண்டு. அதில் ஒன்றை ஆட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுப்பதுதான் படிக்கிற காலத்தில் இருவரின் ஆராய்ச்சி. விடிகாலையில் ஆடு அறுக்கும் கூடத்துக்குப் போய், ஐஸ் பெட்டி நிறைய இதயம் வாங்கி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வருவார்கள். கண்டக்டர் ஒருநாள் கேட்டே விட்டார்.

“பெட்டியில என்னம்மா?”

“இதயம்ணா. ரெண்டு பேரும் யாருக்கும் குடுக்காம பத்திரமா வச்சிருக்கோம்,” என்றாள் முட்டை, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. அவர் டிக்கெட்டைக்கூடக் கிழிக்காமல் முன்பக்கம் போய்விட்டார்.

இதயத்தை நறுக்கி, மிக்ஸியில் அரைத்து, சக்கையை நீக்கினால் தெளிவான சாறு நிற்கும். பால் சர்க்கரை ஒட்டிய மணிகளை ஒரு கண்ணாடிக் குழாயில் நிரப்பி, அந்தச் சாற்றை மேலே ஊற்றுவார்கள். மற்றதெல்லாம் வழிந்து ஓடிவிடும். இவர்கள் தேடும் புரதம் மட்டும் மணிகளைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நிற்கும். பிறகு பால் சர்க்கரைக் கரைசலை ஊற்றினால், மணியை விட்டுவிட்டு அந்தச் சர்க்கரையைக் கட்டிக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்கி வரும். அது கெடாமலிருக்க ஒரு மருந்து சேர்க்க வேண்டும். அந்த மருந்துக்கு அழுகின முட்டை நாற்றம், தலைமுடி வரைக்கும் ஏறிக்கொள்ளும். கேஸ் கசிகிறது என்று அலறி விடுதிக்காரி ஒருநாள் மாடியில் இருந்த அத்தனை பேரையும் தெருவில் இறக்கிவிட்டாள். கூட்டாளிக்கு முட்டை என்ற பெயர் நிலைத்தது அன்றைக்குத்தான்.

புரதம் செயல்படுகிறதா என்று பார்க்க, சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் முயலின் ரத்த அணுக்களோடு அதைக் கலப்பார்கள். உயிரோடு இருந்தால், அணுக்களின் மேலிருக்கும் சர்க்கரையைப் பிடித்து ஒன்றோடொன்று பிணைத்துவிடும். குழியின் அடியில் சிவப்பாகப் பாய் விரியும். செத்திருந்தால் அணுக்கள் சறுக்கிப் போய் நடுவில் பொட்டாக நிற்கும். கேன்டீனில் பார்த்தாலும் மாடிப்படியில் பார்த்தாலும் இருவருக்கும் பேச்சு அதுதான். “பொட்டா, பாயா?”

தகராறு என்று வந்தது ஒரே விஷயத்தில். சர்க்கரையைச் சுத்தமாகக் கழுவிவிட்டுத்தான் புரதத்தை ஃப்ரீசரில் வைக்க வேண்டும் என்று ஸ்வெட்டர் ஒற்றைக்காலில் நிற்பாள். அதுதான் ஆய்வகத்து வழக்கமும்.

“பாவம்டி, அத்தனை குளிர்ல வெறுங்கையோடயா கிடக்கும்?” என்பாள் முட்டை.

“ஆமா, அதுக்கு ஒரு ஸ்வெட்டரும் பின்னிக் குடு.”

வேறு வேலை கிடைத்து ஸ்வெட்டர் முதலில் கிளம்பினாள். கடைசிச் சரக்கைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு, முட்டை எங்கோ ஒரு பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போனாள். பல வருடம் கழித்து ஸ்வெட்டர் தலைவியாகத் திரும்பி வந்தபோது பழைய பெஞ்சில் பழைய ஆள் இல்லை. சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. போன தடவை நான்தானே கூப்பிட்டேன், இந்தத் தடவை அவள் கூப்பிடட்டும் என்ற வீம்புதான். இத்தனை வயதுக்கு அப்புறமும் அந்த வீம்பு மட்டும் நரைக்கவில்லை.

ஸ்வெட்டர் குழாயை ஐஸில் வைத்து மெல்ல உருக்கினாள். மருந்து பாட்டிலைத் திறந்ததும் அதே நாற்றம் மூக்கைத் துளைத்தது. மாணவர்கள் முகத்தைச் சுளித்து ஓடினார்கள். இவள் ஆசையாக மூச்சை இழுத்துவிட்டாள். ஒரு துளியை எடுத்து அணுக்களோடு கலந்து, தட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

பொட்டு. வரிசை முழுக்கப் பொட்டு.

“இதுவும் பையிலதானா மேடம்? வண்டி நாளைக்கு வந்துடும்,” என்றார் ஸ்டோர்காரர்.

“கொஞ்சம் இருங்க.”

சாவுச் செய்திக்கு யார் முறை என்று பார்க்கக் கூடாது. போனை எடுத்தாள். பழைய எண் மாறியிருக்கவில்லை.

“யாரு?”

“நான்தான்… ஸ்வெட்டர்.”

என்ன பேசுவதென்று தெரியாமல் இவளே கொட்டிவிட்டாள். “நீ வச்ச கடைசிக் குழாய் கிடைச்சுது. செத்துப்போச்சு முட்டை. எல்லாமே பொட்டு.”

“சர்க்கரையைக் கழுவினியா?”

“என்னது?”

“கழுவினியான்னு கேக்குறேன். நீ போனப்புறம் என்னைத் தடுக்க யாரு இருந்தா? நிறையப் பால் சர்க்கரையைக் குடுத்துத்தான் படுக்க வச்சேன். ரெண்டு கையிலயும் சர்க்கரையை வச்சிருக்கிறவன் உன் முயல் அணுவை எப்படிடி பிடிப்பான்? தலைவி ஆனா மூளையும் உறைஞ்சு போயிடுமா?”

“நான் தலைவி ஆனது உனக்குத் தெரியுமா?”

“பேப்பர்ல போட்டோ பார்த்தேன்.”

“அப்ப ஏன் கூப்பிடலை?”

“போன தடவை நான்தானே கூப்பிட்டேன்!”

“இல்ல, நான்!”

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஸ்வெட்டருக்குச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. ஸ்டோர்காரர் நாசூக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புரதத்தில் பாதியை மெல்லிய சவ்வுப் பையில் கட்டி, பெரிய பாத்திரத்தில் மிதக்கவிட்டாள். சர்க்கரை கசிந்து வெளியேறும், புரதம் உள்ளேயே தங்கும். மறுநாள் காலையில் மறுபடி தட்டு, மறுபடி அணுக்கள். குழிகளின் அடியில், ஓரம்வரை, சிவப்பாகப் பாய் விரிந்திருந்தது. அவள் படமெடுத்து அனுப்பினாள். ‘பாய். நான் ஜெயிச்சேன்,’ என்று உடனே பதில் வந்தது. தோற்றுப்போனதில் இவ்வளவு சந்தோஷம் ஸ்வெட்டருக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை.

“இது நம்மகூட வருது,” என்று ஸ்டோர்காரரிடம் சொன்னாள். கழுவியதில் மிஞ்சியதற்குத் திரும்பவும் பால் சர்க்கரையைத் தாராளமாகச் சேர்த்து, மூடி, புது லேபிள் ஒட்டி, குளிருக்குள் வைத்தாள்.

அன்று சாயங்காலம் ஸ்வெட்டரே போன் செய்தாள். முறைப்படி அது முட்டையின் முறை.