நெஞ்சு உயரத்தில்

காலை பத்து மணி வெயிலில், பூங்காவின் நடுவே, அந்த அம்மா சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். சும்மா இல்லை, இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடுகிறவர் மாதிரி ஓரத்திலிருந்து ஓரம்வரை. பூச்சுக் கரணையும் கையுமாக ஊஞ்சல் பக்கத்து மதிலுக்குப் போய்க்கொண்டிருந்த நான் நின்றுவிட்டேன். என் பூச்சை யாராவது தடவிப் பார்த்தால் எனக்குப் பெருமை தாங்காது. வழுவழுவென்று இருக்கிறதா, நான் பூசியதுதான் என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அந்தச் சுவரில் கை வைக்கச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. சண்டைக் காலத்தில் இடிந்த ஏதோ ஒரு பெரிய கட்டடத்தில் அது ஒன்றுதான் மிச்சம். சுற்றிலும் புல் வளர்த்து, நடைபாதை போட்டு, பூங்காவாக்கிவிட்டார்கள். பிழைக்க வந்த ஊர், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான்கு நாள் முன்பு, அன்றைய மதில் வேலை முடிந்தபோது அரைச் சட்டி கலவை மீந்துவிட்டது. சிமெண்ட் கலவையை நாளைக்கு என்று எடுத்துவைக்க முடியாது, கல்லாகிவிடும். கீழே கொட்டவும் மனசு வரவில்லை. நிமிர்ந்தால் எதிரே இந்தச் சுவர், நெஞ்சு உயரத்தில் வரிசையாக முப்பது துளைகளாவது இருக்கும். கொடி படரவிட ஆணி அடித்துப் பிடுங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஓட்டையைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? ஒன்றுவிடாமல் அடைத்து, மேலே செங்கல்தூளைத் தேய்த்து, பழைய சுவரோடு சுவராக்கிவிட்டேன். எங்கெங்கே அடைத்தேன் என்று கேட்டால் என்னாலேயே காட்ட முடியாது. ராத்திரி என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டதுதான் இன்னும் கேவலம்.

அம்மா கோபப்படவில்லை. பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், என் வாய் அப்படி. அவர் தையல்காரராம். எழுபது வயதிருக்கும். தினமும் கடை திறக்குமுன் இங்கே வந்துவிட்டுத்தான் போவாராம். காய்ச்சலில் படுத்து எழுந்து இன்றுதான் வந்திருக்கிறார். அவருக்குப் பத்து வயதிருக்கும்போது அவர் அண்ணனை இன்னும் பலரோடு இந்தச் சுவர் ஓரமாக நிறுத்திச் சுட்டார்கள். பார்த்தவர்கள் சொன்ன அடையாளத்தை வைத்து, இதுதான் உன் அண்ணன் நின்ற இடம் என்று அவரைப் பெற்றவர் மறுநாள் ஒரு துளையைக் காட்டினார். எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இருந்தது அந்தத் துளை ஒன்றுதான். அதில் ஒரு விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாராம், தினமும். துணி அளவு சொல்கிற குரலில் இதையெல்லாம் சொன்னார்.

கரணைப் பிடியால் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். எங்கே தட்டினாலும் ஒரே சத்தம். அவ்வளவு சுத்தமான வேலை! எல்லாவற்றையும் இப்போதே உடைத்துவிடுகிறேன் என்றேன், அழுகை வந்துவிட்டது.

"உடைச்சா எல்லாம் உன் குழியாயிடும். அவனோடது எதுன்னு அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அம்மா.

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். அளவெடுக்கிற பார்வை.

"அவன் உன் உசரம்தான். தோளும் இதே அகலம். போய் அங்க நில்லும்மா."

முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் பத்து அடி பின்னால் போனார். தினமும் நான் நடக்கிற பூங்காதான், ஆனால் இங்கே நின்று பார்த்தால் வேறு மாதிரி இருந்தது. புல் எவ்வளவு வெட்டவெளி என்று இப்போதுதான் தெரிந்தது. ஓடினால் ஒளிய ஒரு மரம்கூட இல்லை. நடைபாதையில் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்று என்னைப் பார்த்தார்கள். என் இரண்டு கைகளும் எப்போது பின்னால் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன என்று எனக்குத் தெரியாது.

அம்மா ஒரு கண்ணைச் சுருக்கி, கையை நீட்டினார். "இடது பக்கம் ஒரு அடி. இன்னும் கொஞ்சம். அங்கதான். அசையாத."

முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே சில்லென்றது. தூக்கிவாரிப் போட்டது. நான்கு நாள் வெயிலில் காய்ந்த பூச்சு அது, எலும்பாக இறுகியிருக்க வேண்டும். ஆனாலும் சட்டை நனைந்தது, ஒரு விரல் அகலத்துக்கு. அம்மா கிட்டே வந்து, என் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பினார். நான் நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

முதுகில் மட்டும் ஈரம் அப்படியே இருந்தது. பிறகு அந்த ஈரத்தின்மேல் ஒரு விரல் வந்து பதிந்தது. சாய்த்த நெற்றியில் சுவர் சுட்டது. அவர் விரலை எடுக்கவில்லை, நானும் அசையவில்லை.