பிக்-குவான் வாசித்த பக்கம்

லாவ் பிக்-குவான் குவுன் டோங் மேட்டில் பதினெட்டு வருஷமாக மினிபஸ் ஓட்டுகிறவள். வண்டியில் காதில் விழுந்ததையெல்லாம் கதைகளாக எழுதினாள். வாயில் புழங்குகிற கான்டனீஸ் பேச்சிலேயே எழுதினாள். மூன்று பதிப்பகங்கள், "இது எழுத்தே இல்லை, வெறும் பேச்சு" என்று திருப்பி அனுப்பின. வாத்தியார் வேலையை உதறிவிட்டுத் தனியாளாகப் பதிப்பகம் நடத்திய சீட்டோதான் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அச்சடித்தான்.

ஜூலையில் நடந்த வட்டாரப் புத்தகக் கண்காட்சியில் அவர்களுக்கு ஒரு கடையும், சனிக்கிழமை மேடையில் கால் மணி நேரமும் கிடைத்தன. மேடையேறப் பத்து நிமிஷம் இருக்கும்போது அமைப்பாளர் பாங் மேடம் இரண்டு தாள்களோடு வந்தாள்.

"அக்கா, முன்வரிசை முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க. உங்க கதையை ஒரு வாத்தியார்கிட்ட கொடுத்து நல்ல நடையில மாத்தி வச்சிருக்கோம். இதைப் படிச்சிடுங்க."

"என்னைக் கேக்காமலா?"

"தெருவுல பேசறதை மேடையில பேசினா பெத்தவங்க எங்களைத்தான் பிடிப்பாங்க."

சீட்டோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வாங்கக்கா, போயிடலாம்."

"ஏன் போகணும்? குடு, படிக்கிறேன்."

மைக் முன் நின்று முதல் வரியைப் படித்தாள். "ஓட்டுநர் அவர்களே, அருள்கூர்ந்து அந்த விளக்குக் கம்பத்தின் அருகே வாகனத்தை நிறுத்துவீர்களாக என்று முதியவர் பணிவுடன் வேண்டினார்."

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இப்படிக் கேக்கற ஆள் என் வண்டியில இன்னும் ஏறலை. நீங்க யாராவது கேட்டிருக்கீங்களா?"

"இப்படிக் கேட்டு முடிக்கறதுக்குள்ள மூணு ஸ்டாப் தாண்டிடும்!" என்று முன்வரிசையில் ஒரு மாணவி கத்தினாள்.

பிக்-குவான் தாள்களை மடித்து வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். "ஏம்மா டிரைவரு! கம்பம் தாண்டுது, நிறுத்தும்மா! இங்கிருந்து திரும்பி என்னை உங்கப்பனா தூக்கிட்டுப் போவான்?"

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் மைக்கை யாரோ அணைத்துவிட்டதை முதலில் யாரும் கவனிக்கவில்லை. அவளும் கண்டுகொள்ளவில்லை. எஞ்சின் இரைச்சலை மீறிக் கத்திப் பழகிய தொண்டை அது. குரல் கடைசி வரிசை வரை போயிற்று. அப்படி வைதுவிட்டு இறங்கிய கிழவர், கஞ்சித் தூக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போய், நினைவு தப்பிய மனைவிக்கு ஸ்பூனால் ஊட்டுகிற இடம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

கடைக்குத் திரும்பியதும் பாங் மேடம் ஒரு காகிதத்தை நீட்டினாள். விதியை மீறியதற்கு மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்து. இல்லையென்றால் உடனே கடையைக் காலி செய்ய வேண்டும்.

"என் கதையை நான் படிச்சதுக்கு மன்னிப்பா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் இது எங்க கடை. தூக்கணும்னா ஆளைக் கூட்டிட்டு வாங்க மேடம். நான் எழுபத்திரண்டு கிலோ, சொல்லிட்டேன்."

புத்தகம் வாங்க வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். மேடம் காகிதத்தோடு போனாள்.

வரிசையின் கடைசியில் கண்ணாடி போட்ட ஒருவர் வெகுநேரம் தயங்கி நின்றார். "அதை மாத்தினது நான்தான்" என்றார் மெல்ல. "எங்கப்பாவும் அந்தக் கிழவர் மாதிரிதான் திட்டுவார். அது தெரிஞ்சேதான் மாத்தினேன்."

பிக்-குவான் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"அடுத்த தடவை மாத்தச் சொன்னா என்ன பண்ணுவீங்க சார்?"

அவர் இரண்டு பிரதி வாங்கினார். இரண்டிலும் தன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிறு சாயங்காலம் வரை அவளைத் தூக்க யாரும் வரவில்லை. அடுத்த ஜூலையில் கடைகளின் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. சீட்டோ முறையீடு எழுதப் பேனாவை எடுத்தான்.

"அதை விடு தம்பி, ரெண்டாவது புஸ்தகத்துக்குப் பேப்பர் வாங்கு. இதுல முழுக்க வசவுதான்" என்றாள் பிக்-குவான்.