பேத்தைக்குப் பல் வெட்டிய ஞாயிற்றுக்கிழமை

அருள்நேசன் தன் மச்சானின் முன்பல்லை உடைத்தது ஒரு மீனுக்காக. நம்பினால் நம்புங்கள். அதுவும் எப்படிப்பட்ட மீன்? பேத்தை மீன். ஊரில் வலையில் பட்டால், பந்துபோல ஊதுகிற நஞ்சு மீன் என்று கரையில் வீசிவிட்டுப் போவார்கள். சிறுவர்கள் காலால் மிதித்து வெடிக்கவைப்பார்கள். அந்த இனத்தில் ஒன்றுதான் லண்டன் கிங்ஸ்பரியில் இவனுடைய முன்னறையில், ஆறடிக் கண்ணாடித் தொட்டியில், இளஞ்சூட்டு நீரில் சொகுசாக நீந்திக்கொண்டிருந்தது.

இது கடல் பேத்தை இல்லை. நைல் ஆற்றுப் பக்கத்து நன்னீர்ப் பேத்தை. ஜேர்மனியில் டோர்ட்முண்டில் இருந்தபோது கைக்குள் அடங்குகிற குஞ்சாக வாங்கியது. லண்டனுக்கு வீடு மாறி வந்தபோது கப்பலில் மனைவியின் மடியில் சூட்கேஸ், இவன் மடியில் மீன் வாளி. இப்போது முக்கால் முழம் வளர்ந்துவிட்டது. தொட்டியில் வேறு மீன் விட்டால் பாதியாகக் கடித்து மிதக்க விட்டுவிடும். அருள்நேசனுக்கு அந்தக் குணம் பிடித்திருந்தது. பிடிக்காதா பின்னே? அவனுக்கும் கைதான் முதலில் போகும், கதை பிறகுதான்.

சாப்பாடு இறால். சும்மா இறால் இல்லை. தலை கிள்ளி, ஓடு உரித்து, முதுகு நரம்பு இழுத்து, கழுவிக் கொடுக்கவேண்டும். ஓடு தொண்டையில் சிக்கிவிடும் என்று அவனுக்குப் பயம். வசந்தமலர் கோப்பையோடு உட்கார்ந்து நகக்கண் எரிய உரிப்பாள். என்னைப் பொம்பிளை பார்க்க வந்த நாளில்கூட உங்களுக்கு இந்த உபசாரம் நடக்கேல்லை என்று சிரிப்பாள். மீனுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தவளும் அவள்தான்.

அந்த மாப்பிள்ளைதான் 2009 மார்ச் மாதம் சாப்பாட்டை நிறுத்தியது. இறாலைக் கண்டால் ஓடி வரும். வாயை வைக்கும். பிறகு விட்டுவிடும். மூன்று கிழமையில் வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அருள்நேசன் தண்ணீரைச் சோதித்தான், பாதித் தண்ணீரை மாற்றினான், உப்புப் போட்டான், பூச்சி மருந்து விட்டான். ஒன்றுக்கும் அசையவில்லை. அவனும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வேலைக்குப் போகிற வழியெல்லாம் அதே யோசனை.

ஒரு பின்னேரம் தொட்டியைத் துப்புரவு செய்யும்போது கல்லுக்கு அடியில் ஒரு முழு இறால் அகப்பட்டது. தலையோடு, ஓட்டோடு, அழுகி நாறிக்கொண்டு. அந்த வீட்டில் ஓட்டோடு இறால் கொண்டுவரக்கூடியவன் ஒருத்தன்தான். சந்திரகுமார். வசந்தமலரின் தம்பி, மேல் அறையில் இருப்பவன், டூட்டிங்கில் மீன்கடையில் மீன் வெட்டுகிறவன்.

அருள்நேசன் இறாலைக் கையில் பிடித்தபடியே குசினிக்குள் போனான். மீனுக்கு என்னத்தைப் போட்டாய் என்று கேட்டான். சந்திரகுமார் தேத்தண்ணீரை வைத்துவிட்டு, "நான்தான் போட்டனான் அத்தான், உந்த ஓடு இல்லாட்டி..." என்று தொடங்கினான். முடிக்க விட்டால்தானே! முதல் குத்து வாயில். பல் பாதியாக முறிந்து பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் விழுந்து கிணுங்கென்றது. இரண்டாவது குத்து காதடியில். விழுந்தவனை உதைத்தான். முன்னறை டீவியில் வன்னிப் போர்ச் செய்தி போய்க்கொண்டிருந்தது. அந்த வருசம் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் கை துருதுருத்தது, அடிக்க ஆள் கிடைக்கவில்லை, அது உண்மை. அதற்காக மச்சானையா அடிப்பது?

சந்திரகுமார் பொலிசுக்குப் போகவில்லை. கதவில் அடிபட்டது என்று கடையில் சொல்லிவிட்டு அடுத்த நாளே வேலைக்குப் போனான். வசந்தமலர்தான் அடுப்படியில் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "இனி ஒருக்கால் அவனில கை வைச்சியள் எண்டால், நானும் அவனும் இந்த வீட்டில இல்லை."

இருபத்திரண்டு வருசத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை. அருள்நேசன் உண்மையாகவே பயந்துபோனான். ஆனால் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவேண்டுமே? அது அவனுக்கு வராது.

தெய்வம் விட்டுவைக்கவில்லை. பல் பட்டுக் கிழிந்த அவனுடைய வலக்கை மூட்டு இரண்டு நாளில் பழுத்து, கை பணியாரம் மாதிரி வீங்கியது. ஆஸ்பத்திரியில் கீறிச் சீழ் எடுத்து, விரல் மடக்க முடியாதபடி கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மனிதப் பல்லில் கையை வெட்டிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் என்ன செய்துவிட்டு வருகிறார்கள் என்று அந்த டொக்டருக்குத் தெரிந்திருந்தது. அவன் முகத்தை ஒருதரம் பார்த்தார்.

மீன் இன்னும் சாப்பிடவில்லை. கடைசியில் அருள்நேசன் போனில் படம் எடுத்துக்கொண்டு வெம்பிளிப் பக்கம் வளர்ப்பு மீன் விற்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் போனான். அவர் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். என்ன கொடுக்கிறாய் என்று கேட்டார். உரித்த இறால் என்றான் இவன், கொஞ்சம் பெருமையோடு. கிழவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விளக்கினார். இந்த மீனுக்குப் பல் சாகும்வரை வளரும். நத்தை, நண்டு, ஓட்டோடு இறால் என்று கடித்து உடைத்தால்தான் தேயும். நீ மெத்துமெத்தென்று ஊட்டி வளர்த்திருக்கிறாய். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று கொளுவி வாய் திறக்க முடியாமல் கிடக்கிறது, பட்டினியில் சாகப்போகிறது. கராம்பு எண்ணெயில் மயக்கிப் பல்லை வெட்டவேண்டும், இரண்டு நாளுக்குள். வெட்டியபிறகு நல்ல தண்ணீரில் விட்டால் செத்ததுபோலக் கிடக்கும், பத்து நிமிடம் கொடு, அவசரப்படாதே என்றார்.

அருள்நேசன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். சந்திரகுமார் ஓட்டோடு இறால் போட்டது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அவன் முடிக்காமல் விட்ட வசனமும் விளங்கியது. வெட்கத்தில் காது சுட்டது. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டான்.

பல்லை யார் வெட்டுவது? இவன் கையோ கட்டுக்குள். வசந்தமலருக்கு இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். கத்தி பிடித்து நடுங்காத கை அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. ஞாயிறு காலை மேல் அறைக் கதவில் நின்று, கிழவர் சொன்னதெல்லாவற்றையும், பத்து நிமிடக் கதை உட்பட, தானே ஒப்பித்தான். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. "எனக்குக் கை ஏலாது," என்று முடித்தான்.

சந்திரகுமார் முறிந்த பல்லை நாக்கால் தடவினான். "நான் வெட்டுறது செத்த மீன், அத்தான். இது உயிர். செய்யிறன். ஆனால் அந்தப் பத்து நிமிசமும் நீங்கள் கதிரையை விட்டு எழும்பக்கூடாது."

"ஓம்," என்றான் அருள்நேசன். வசந்தமலர் கேட்டுக்கொண்டு நின்றாள்.

வாளியில் தொட்டித் தண்ணீர். பல்வலிக்கு வாங்கிய கராம்பு எண்ணெயைச் சின்னப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டான் சந்திரகுமார். அறை முழுக்கக் கராம்பு மணம். மாப்பிள்ளை இரண்டு தரம் வாளியை மோதி அடித்தது, பிறகு சாய்ந்தது, பிறகு கிடந்தது. ஈரத் துவாயில் சுற்றித் தூக்கி, உதட்டைப் பெருவிரலால் ஒதுக்கினான். பல் கிளிமூக்கு மாதிரி வளைந்து பூட்டிக் கிடந்தது. வயர் வெட்டுகிற சின்னக் குறட்டை உள்ளே விட்டு நெரித்தான். டக். ஒரு துண்டு பறந்து ஜன்னலில் பட்டது. டக். கீழே. டக். பல் முரசில் ஒரு துளி இரத்தம் வந்தது. ஒவ்வொரு டக்குக்கும் அருள்நேசனின் கால் துள்ளியது. தண்ணீர் ஊற்றி ஊற்றி இரண்டு நிமிடத்துக்குள் வேலையை முடித்து, மீனைத் தொட்டியில் விட்டான். அவ்வளவு துப்புரவான வேலை.

மீன் வெள்ளை வயிறு மேலே தெரிய அடிக்குப் போய்க் கிடந்தது. சந்திரகுமார் கையைத் தொட்டிக்குள் விட்டு, மோட்டர் தண்ணீர் வரும் பக்கமாக அதன் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு நிமிடம். இரண்டு. செவுள் அசையவில்லை. மூன்று. அருள்நேசன் கதிரையின் கையை இடக்கையால் இறுக்கினான். அந்த இரத்தத் துளிதான் கண்ணுக்குள் நின்றது. வேண்டுமென்றுதான் செய்திருப்பான், பல்லுக்குப் பல், வேறென்ன? அப்படி நினைத்தான் பாவி. நினைத்தவுடன் எழும்பிவிட்டான்.

"கொன்டுட்டாயடா."

"இருங்கோ அத்தான்," என்றான் சந்திரகுமார், திரும்பாமலே. கை இன்னும் தண்ணீருக்குள் மீனைப் பிடித்திருந்தது. அதனால் தடுக்க அவனுக்குக் கை இல்லை. அருள்நேசன் தலைமயிரைப் பிடித்து இழுத்து இடக்கையால் முகத்தில் குத்தினான். சந்திரகுமார் வாளியோடு விழுந்தான். கராம்புத் தண்ணீர் கம்பளம் எல்லாம் ஓடியது. நெஞ்சில் உதைத்தான். கட்டுப் போட்ட கையாலும் அடித்தான், கட்டு சிவந்தது, தன் நோவும் தெரியவில்லை. வசந்தமலர் முதுகில் தொங்கி இழுத்தாள். சந்திரகுமார் முகத்தை மூடிக்கொண்டு, "பாருங்கோ, பாருங்கோ," என்று மட்டும் சொல்லிக்கொண்டு கிடந்தான்.

தொட்டிக்குள் தண்ணீர் சளக்கென்றது. மாப்பிள்ளை புரண்டு நிமிர்ந்திருந்தது. செவுள் திறந்து மூடியது. கண்ணை உருட்டி இவர்களைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்தது.

வசந்தமலர் மீனைப் பார்க்கவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"இன்னும் ஆறு நிமிசம் கிடந்தது," என்றாள்.

அவள் அழவில்லை. மேலே போய் இரண்டு பைகளோடு வந்தாள். தம்பியின் மூக்கைத் துவாயால் துடைத்து, கோட்டைப் போட்டுவிட்டாள். அருள்நேசன் வாசலுக்கு ஓடி வந்தான். சொல்லத்தான் வந்தான், சத்தியமாகச் சொல்லத்தான் வந்தான். பிழை என்னுடையது, போகாதே என்று. அவளை அவன் ஒரு நாளும் அடித்ததில்லை. ஒரு தட்டுத் தட்டியதுகூட இல்லை. நில் என்று மறிக்கக் கையைத் தூக்கினான்.

வசந்தமலர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒடுங்கினாள்.

அருள்நேசனின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. சந்திரகுமார் அக்காவின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனான். கதவைச் சாத்தக்கூட இல்லை.