எல் போர்டு வண்டி

சமையல் கேஸ் சிலிண்டரையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும் என்று அடம்பிடித்தது மாஸ்டர்தான். அதைத் தூக்கித் தன் வலது பாதத்திலேயே போட்டுக்கொண்டதும் அவர்தான். "புயலுக்குப் பயந்து ஓடுறப்போ சிலிண்டர் எதுக்குங்க?" என்று மனைவி கேட்டதற்கு, "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று பதில் சொன்ன கையோடு இது நடந்தது. பாதம் பன் மாதிரி உப்பிவிட்டது. ஊருக்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், ஊரே கார் எடுத்துக்கொண்டு ஓடுகிற நாளில் ஒற்றைக் காலில் நின்றார்.

கடலோரத் தெருக்களைக் காலி செய்யச் சொல்லி ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆற்றுப் பாலத்தை மூடிவிடுவார்களாம். பின்சீட்டில், இடுப்பில் ஆபரேஷன் ஆன மாமனார் பலகை மாதிரி படுத்திருந்தார். அவரைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. இந்தக் கார் பாலத்தைத் தாண்டவில்லை என்றால், அவருக்குத் தாண்ட வேறு வழியில்லை.

"நான் ஓட்டுறேன்," என்றாள் மனைவி.

மாஸ்டர் சாவியை உடனே கொடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்து அவள் ஸ்டியரிங் பிடித்தது மூன்றே நாள். மூன்றாம் நாள் அவர், "கிளட்ச்சை மிதிக்கிறியா, தையல் மிஷின் மிதிக்கிறியா?" என்று கேட்டார். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து முடித்தபோது அவள் இறங்கி வீட்டுக்குப் போயிருந்தாள்.

நல்லவேளை, இது பயிற்சி வண்டி. மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இடது காலை அதன்மேல் வைத்துக்கொண்டு, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

வண்டி வெண்ணெயாக நகர்ந்தது.

"ஏம்மா, எப்படி இவ்வளவு..."

"ரோட்டைப் பாருங்க."

நெடுஞ்சாலை முழுக்க வண்டி. மெத்தை கட்டிய கார், பீரோ ஏற்றிய வேன், ஆடு ஏற்றிய ஆட்டோ. எறும்பு கூட முந்திப் போயிருக்கும். ஆனால் கூரையில் எல் போர்டைப் பார்த்தவர்கள் எல்லாம், நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். மாஸ்டர் பழக்கதோஷத்தில் நடுநடுவே பிரேக்கை அமுக்க, வண்டி இரண்டு முறை நின்றுபோனது.

"மாப்பிள்ளை," என்றார் மாமனார் பின்னாலிருந்து, "காத்துல போறதுக்கு முன்னாடி நீங்களே எங்களை அனுப்பிடுவீங்க போலிருக்கே."

"மாமா, உங்க பொண்ணு எங்க மாமா கத்துக்கிட்டா?"

மாமனாருக்குச் சரியாக அப்போது இருமல் வந்தது.

பாலத்துக்கு ஏறும் சரிவில் வரிசை நின்றது. காற்று காரை உலுக்கியது. பின்னால் மூக்கோடு மூக்காக ஒரு தண்ணீர் லாரி. மழைக்கோட்டு போட்ட போலீஸ்காரர் எல் போர்டைப் பார்த்துவிட்டு ஜன்னலைத் தட்டினார்.

"கத்துக்குட்டி வண்டியெல்லாம் ஓரம். நடுப்பாலத்துல நின்னுபோச்சுன்னா அத்தனை பேரும் மாட்டிப்பாங்க. மாஸ்டர் ஓட்டட்டும்."

மாஸ்டர் பாதத்தைத் தூக்கிக் காட்டினார். பின்சீட்டையும் காட்டினார். போலீஸ்காரர் மாமனாரைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார்.

"சரி, இந்த ஏத்தத்துல இருந்து எடுங்க. ஒரு சாண் பின்னால வந்தா ஓரம்தான். சார், நீங்க உங்க பிரேக்கைத் தொடக் கூடாது."

மாஸ்டர் கால்களை மடக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டார். அரைக் கிளட்ச், அரைக் கிளட்ச் என்று உதடு முணுமுணுத்தது. ஏற்றத்தில் அவர் பள்ளி முறை அதுதான்.

அவள் அதைச் செய்யவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். இன்ஜின் சத்தம் லேசாக இறங்கும்வரை காத்திருந்தாள். கட்டைவிரலால் பொத்தானை அமுக்கி மெல்ல விட்டாள். வண்டி நூலளவுகூடப் பின்னால் போகாமல் மேலே ஏறியது. போலீஸ்காரர் கையசைத்தார்.

பாலம், கீழே கொதிக்கும் ஆறு, அப்புறம் மேட்டு நிலம். சாலை விரிந்தது. மாமனார் நீளமாக மூச்சு விட்டார். மாஸ்டர் கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.  அப்புறம்தான் மூளை வேலை செய்தது. ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு எடுக்கச் சொல்லிக்கொடுப்பது ஊரில் ஒரே ஒரு இடம்தான். அவர் பள்ளிக்கு நேர் எதிரே இருக்கும் போட்டி டிரைவிங் ஸ்கூல். அதை நடத்துகிற அம்மாளுக்கு "ஹேண்ட்பிரேக் அக்கா" என்று கேலிப் பெயர் வைத்ததே அவர்தான்.

"இப்பவாவது நேரா பதில் சொல்லு. அந்த அக்காகிட்டயா?"

"ஆமா. லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு." அவள் கியரை மாற்றினாள். "உங்ககிட்டயே கத்துக்கிட்டிருந்தா, ஒண்ணு வண்டியை விட்டிருப்பேன், இல்ல உங்களை விட்டிருப்பேன். எனக்கு ரெண்டும் வேணும்னு தோணுச்சு."