மேசியாவின் மகள்

அப்பாவைப் புதைத்த மறுநாள், யூத முறைப்படி சட்டைக் கழுத்தைக் கிழித்துக்கொண்டு, கண்ணாடியைத் துணியால் மூடி, குட்டை முக்காலியில் துக்கத்துக்கு உட்கார்ந்தாள் பிரைண்டல். துக்கம் கேட்க ஒரு ஈ, காக்காகூட வரவில்லை. ஜெருசலேமின் அந்தச் சந்து முழுக்க ஆண்கள் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய குருவான ரெபிதான், அவளுடைய அப்பாதான், மேசியாவாம், மேசியாவுக்குச் சாவு இல்லையாம்.

உலகத்தை மீட்க வருகிறவர், எண்ணெய் வார்த்து அரசராக்கப்பட்டவர்: அவ்வளவு பெரிய சொல் அது. சாப்பாட்டு மேசையில் யாராவது அதை அப்பாமேல் ஏற்றினால், அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். அவர் உயிரோடு இருந்தவரை அடங்கியிருந்தவர்களுக்கு இப்போது தடுக்க ஆளில்லை.

தம்பி லைபிஷ் உள்ளே வந்தான். அவன் சட்டை கிழியவில்லை.

"அப்பா நாற்காலிய எடுத்துட்டுப் போறேன்க்கா. அவர் வந்தா உக்காரணும்னு கேக்குறாங்க."

"நேத்து அவர் மேல மண்ணு தள்ளினது யாருடா?"

அவன் நாற்காலியை நோக்கி நடந்தான்.

"கதீஷ் சொல்லலியே நீ. செத்த அப்பனுக்கு மகன் சொல்ற ஜெபம். அதுக்குக்கூடவா அவருக்குக் கொடுத்துவைக்கல?"

"சொன்னா அவர் செத்துட்டார்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அவங்க உடைஞ்சிடுவாங்கக்கா. என்னைத்தான் பாத்துட்டு இருக்காங்க."

"அவங்களுக்கு ராஜா கெடைச்சிட்டார். எனக்கு அப்பா போயிட்டார். சேந்து அழ ஒரு தம்பிகூட இல்ல."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. லைபிஷ் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாற்காலியைக் கண்டதும் கூட்டம் ஆர்ப்பரித்தது. லைபிஷ் அதை நடுத்தெருவில் வைத்தான். காலியான இருக்கையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான். பிறகு குரலெடுத்து கதீஷ் சொல்ல ஆரம்பித்தான்.

கதீஷ் காதில் விழுந்தால் பதில் சொல்லியே ஆகவேண்டும். பேச்சு வந்த வயதிலிருந்து ஊறிய பழக்கம். அவன் முதல் வரியை முடித்ததும், யோசிக்கும் முன்பே அத்தனை வாய்களும் திறந்துகொண்டன.

"ஆமென்."

சொன்ன பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. கோத்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. கிழவர் ஒருவர், "அடப்பாவி, கொன்னுட்டியேடா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

லைபிஷ் நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போனான்.